எங்கள் வீட்டுக்கு எந்தப் பாம்பு?

"பெரியம்மா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. ஒரே ஒரு பாம்பு. சின்னதுதான்!"

விமானத்தை விட்டு இறங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. தோசைக்கு அரிசி களைந்துகொண்டிருந்த நான் பாத்திரத்தைக் கீழே போடாத குறைதான். நாய்க்குட்டி கேட்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், கிளி கேட்கும் பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். பாம்பு கேட்கும் பிள்ளையை அன்றுதான் பார்த்தேன்.

2023-ம் வருடம் மே மாதம் அது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலம், டல்லஸ் நகரத்துக்குப் பக்கத்தில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. பதினோரு வருடம் கழித்து அவள் மறுபடி உண்டாகி, ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அம்மா இல்லாத வீட்டில் அக்காதானே அம்மா? கூடமாட ஒத்தாசைக்கு நான் போயிருந்தேன்.

பையனுக்கு இந்த ஆசை வந்ததற்கு ஒரு வகையில் நானே காரணம். முந்தின வருடம் விடுமுறைக்குச் சென்னை வந்தவனைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கு அழைத்துப் போனவள் நான்தான். நான் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். அவனோ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்று நின்றான்.

அந்த ஊரில் பாம்பு வளர்ப்பது அப்படியொன்றும் அதிசயமில்லை. வளர்ப்பவர்களிடமே முட்டை பொரித்து வளர்ந்த விஷமில்லாத பாம்புகள் கடையில் கிடைக்கின்றன. தங்கை கணவர், "சின்னதா, சாதுவா இருந்தா யோசிக்கலாம்" என்றார். தங்கை, "என் சமையலறைப் பக்கம் வரக் கூடாது" என்றாள். அரை அனுமதி கிடைத்தது. சனிக்கிழமைகளில் மாப்பிள்ளை காரில் கொண்டுபோய் இறக்கிவிட, நானும் பையனும் ஊர்வன விற்கும் கடைகளுக்கு ஏறி இறங்க ஆரம்பித்தோம். பெண் பார்க்கப் போனதுபோல்தான் இருந்தது!

ஒரு கடையில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி. கழுத்தில் மாலை மாதிரி ஒரு பாம்பு. அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், குட்டியைப் பார்த்து "சின்னப் பாம்பு" என்று முடிவு செய்யக் கூடாது என்பது. வளர்ந்தால் எத்தனை அடி என்று கேட்க வேண்டுமாம். பர்மா மலைப்பாம்பின் குட்டியும் கைக்கடக்கமாகத்தான் இருக்கும். சில வருடங்களில் பத்து அடியைத் தாண்டிவிடும். ஃப்ளோரிடா மாநிலத்தில் வளர்க்க முடியாமல் சிலர் சதுப்புக் காட்டில் விட்டுவிட்டு, அவை பெருகி அங்கிருந்த பிராணிகளைத் தின்று தீர்த்து, கடைசியில் 2012-ல் அந்தப் பாம்பை நாட்டுக்குள் இறக்குமதி செய்யவே தடை போட்டார்கள்.

பையன் நோட்டுப் புத்தகத்தில் பேர்கள் எழுதி வைத்திருந்தான். அதில் 'சில்ட்ரன்ஸ் பைதான்' என்று ஒன்று. "அட, குழந்தைகளுக்கென்றே ஒரு பாம்பா! இதையே வாங்கேன்" என்றேன். கடைக்கார அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் என்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஒரு விஞ்ஞானியின் பெயராம் அது. 1842-ல் வைத்தது. ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் இருக்கும், ஏறக்குறைய மூன்றடிப் பாம்பு. குழந்தைகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

எனக்குப் பிடித்தது கார்ட்டர் பாம்பு. மெல்லியது; இரண்டு மூன்று அடிதான். மண்புழுவும் மீனும் தின்னும். எலி வேண்டாமே என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் கையில் எடுத்தால் பயத்தில் ஒரு திரவத்தைப் பீச்சிவிடும். அந்த நாற்றம் சோப்புக்கு அசையாது. ஒரு தடவை என் முந்தானையில் பட்டதோடு அதன் பேச்சை விட்டுவிட்டேன்.

மேற்கு ஆப்பிரிக்காவின் 'பால் பைதான்' பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், பரம சாது. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் மகா பிடிவாதம். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்குமாம். நம் பிள்ளைகள் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே நாம் என்ன பாடு படுகிறோம்! ஆயுசும் கெட்டி. 2020-ல் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பால் பைதான் முட்டையிட்டதாம். வீட்டில் இருபது, முப்பது வருடம் சர்வ சாதாரணம்.

கென்யா மண்ணுளிப் பாம்பைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நம் பக்கத்து மண்ணுளிக்கு உறவுதான். ஆண் பாம்பு ஒன்றரை அடிக்கு மேல் போவதே அபூர்வம்; பெரிய இடம் வேண்டாம். ஆனால் நாள் முழுக்க மண்ணுக்குள்ளேயே கிடக்கும். "இது பாம்பு வளக்கற மாதிரியே இல்ல பெரியம்மா, மண் வளக்கற மாதிரி இருக்கு" என்று பையன் உதட்டைப் பிதுக்கினான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இருதலைப் பாம்பு, அதிர்ஷ்டம், லட்சக்கணக்கில் விலை என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதற்கு இரண்டு தலை இல்லை, வால்தான் மொட்டையாகத் தலை மாதிரி இருக்கும். மண்ணுளி, சாரை, நல்ல பாம்பு எதையும் பிடித்து வைத்துக்கொள்வது 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே நான் எழுதுவது அந்த ஊர்க் கதை.

கடைசியில் பையனும் கடைக்கார அம்மாளும் ஒரே பேரைச் சொன்னார்கள்: கார்ன் ஸ்னேக். மக்காச்சோளம் சேமிக்கும் குதிர்களில் எலி பிடிக்க வரும் என்பதால் அந்தப் பேர் என்கிறார்கள். அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துப் பாம்பு. ஆரஞ்சு உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள், வயிற்றில் சதுரங்கக் கட்டம். வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்து அடி, கட்டை விரல் பருமனைவிடக் கொஞ்சம் அதிகம். விஷம் கிடையாது, கடிப்பது அபூர்வம். கையில் வைத்தார்கள். வழவழ, பிசுபிசு என்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, உலர்ந்த பட்டுத் துணி மாதிரி இருந்தது. நாக்கை நீட்டி நீட்டி என் வளையலை மோந்து பார்த்தது. சத்தியமாக, பாவமாகக்கூட இருந்தது.

சாப்பாடு பாலா என்று கேட்டேன். ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவள் அல்லவா? பால் பாம்பின் உணவே இல்லையாம். தண்ணீர்தான் குடிக்கும். தின்பது சுண்டெலி. உயிரோடு போட்டால் எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும் என்று உறைய வைத்த எலியை விற்கிறார்கள். குட்டிக்கு வாரம் ஒரு எலிக்குஞ்சு. வளர்ந்ததும் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு எலி. பெட்டியின் ஒரு பக்கம் முப்பது டிகிரி வரை சூடாகவும் மறுபக்கம் குளுமையாகவும் இருக்க வேண்டும். மூடி இறுக்கமாக இல்லையென்றால் பென்சில் நுழைகிற சந்தில் குட்டி தப்பிவிடும். பாம்பு விலையைவிடப் பெட்டி, சூட்டுப் பாய், தெர்மோஸ்டாட் செலவுதான் அதிகம்.

"எலியை எந்த ஃப்ரீஸரில் வைப்பது?" என்று தங்கை கேட்டாள். வீட்டில் ஒன்றுதானே இருக்கிறது! தேங்காய்த் துருவலுக்கும் பட்டாணிக்கும் நடுவில் எலிப் பொட்டலத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டியது.

அதற்கும் ஒரு வழி பண்ணலாம் என்று மாப்பிள்ளை சொல்லி, பெட்டியைப் பதிவு செய்யப் போனோம். பில் போடும்போதுதான் அந்த அம்மாள், "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பையன் பெருமையாக, "ஆகஸ்ட்ல எனக்குத் தம்பியோ தங்கச்சியோ வரப்போவுது!" என்றான். பேனாவை மூடி வைத்துவிட்டார். "டாக்டரைக் கேட்டுவிட்டு வா கண்ணா" என்றார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று நினைத்த அந்த மனுஷியை நான் மறக்கவே மாட்டேன்.

தங்கையைப் பார்க்கும் டாக்டரம்மா ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்றார். பாம்பு, ஆமை, பல்லி இனங்களின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி சர்வ சாதாரணமாக இருக்கும். அவற்றை அது ஒன்றும் செய்யாது. பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். நமக்கு வந்தால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. கைக்குழந்தைக்கு வந்தால் ரத்தத்தில் கலந்து மூளைச்சவ்வு வரை போய்விடக்கூடும். குழந்தை பாம்பைத் தொடவே வேண்டாம். தொட்டவர் கையோ சட்டையோ, பெட்டியைக் கழுவிய ஸிங்க்கோ போதும். உறைந்த எலியிலும் கிருமி சாகாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பதுதான் அங்கே பொதுவான ஆலோசனை. பிள்ளைகள் வாயில் வைத்துக்கொள்கிறார்கள் என்று நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அந்த நாட்டில் 1975-லேயே நிறுத்திவிட்டார்களாம்.

பையன் அன்று இரவு சாப்பிடவில்லை. "பாப்பாவுக்காகத்தானே" என்று சொன்னால் பாப்பா மேல் கோபம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். வாய் திறக்காமல் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தெருவில் அவனுடைய சிநேகிதன் வீடு. அங்கே சின்னக் குழந்தையும் இல்லை, வயதானவர்களும் இல்லை. மாப்பிள்ளை போய்ப் பேசினார். அந்தப் பெட்டியும் பாம்பும் அங்கே போயின. நம் பையன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்த் தண்ணீர் மாற்றி, பெட்டியைச் சுத்தம் செய்துவிட்டு வருவான். வந்ததும் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட வேண்டும். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகுதான் தங்கச்சியைத் தொடலாம். ஆமாம், பெண் குழந்தை.

நான் கிளம்புகிற அன்று காலண்டரில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"2028 ஆகஸ்ட்ல பாப்பாவுக்கு அஞ்சு வயசு. அப்ப எனக்குப் பதினாறு. அப்ப நம்ம வீட்லயே வாங்கலாம், இல்ல பெரியம்மா?"

"பதினெட்டுல நீ காலேஜ் போயிடுவே. அது இருபது வருஷம் இருக்கும். அப்புறம் எலி போடறது யாரு?" என்றாள் தங்கை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் பாஸ்போர்ட்டை எங்கே வைத்தேன் என்று தேட உள்ளே போய்விட்டேன்.