குட்டித் தாடி ஓணான் சாப்பிடவில்லையா? மருந்துக்கு முன் விளக்கைக் கவனியுங்கள்

பங்சார் – நேற்றுவரை சிள்வண்டுகளைத் துரத்திப் பிடித்துத் தின்ற குட்டி, இன்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டியின் மூலையில் கிடக்கிறது. தூக்கினால் கைகால்கள் துவள்கின்றன. பள்ளி விட்டு வந்த பிள்ளை, “அம்மா, இது செத்துப் போயிடுமா?” என்று கேட்கும்போது பெற்றோருக்குச் சட்டென்று பதில் வருவதில்லை.

நாய் வளர்க்க இடமோ அனுமதியோ இல்லாத பங்சார் அடுக்குமாடி வீடுகளில், பியர்டெட் டிராகன் எனப்படும் தாடி ஓணான் பிள்ளைகளுக்குப் பிடித்த செல்லப் பிராணி. குரைக்காது, கடிப்பதும் அரிது. ஆனால், உடல்நலக் குறைவை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. சோர்வு நம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் நோய் முற்றியிருக்கலாம். வளர்ந்த ஓணான் சில நாள் பட்டினியைத் தாங்கும். சில வாரக் குட்டியால் முடியாது.

நம்மூர் வெயில் போதாது

இந்த ஓணானின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. தன் உடலுக்குத் தேவையான சூட்டை அதனால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்துதான் பெற வேண்டும். சூடு குறைந்தால் தின்ற பூச்சி செரிக்காது, நோய் எதிர்ப்புச் சக்தியும் இறங்கிவிடும்.

“கோலாலம்பூரில் இல்லாத வெயிலா?” என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. இங்கே பகல் வெப்பம் சுமார் 33 டிகிரி செல்சியஸ். குட்டி குளிர்காயும் இடத்துக்கோ சுமார் 40 டிகிரி வேண்டும். தொட்டியின் மறுமுனை 25 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால், சூடு போதும் என்று தோன்றும்போது அது நகர்ந்துகொள்ளும். இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறை அதற்கு ஏற்ற இடமன்று.

எனவே, குட்டி சோர்ந்திருந்தால் முதலில் எடுக்க வேண்டியது வெப்பமானி. கண்ணாடியில் ஒட்டும் வகை, விளக்கின் கீழ் உள்ள சூட்டைச் சரியாகக் காட்டாது. முனையைக் குட்டி படுக்கும் கல்லின் மேலேயே வைத்து அளக்கும் டிஜிட்டல் வகையே நல்லது.

அடுத்தது புற ஊதா ‘பி’ கதிர். இது இல்லாமல் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால், உணவில் உள்ள கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேராது. தாடை மென்மையாதல், விரல் துடித்தல், கால் வளைதல், உடலைத் தூக்கி நடக்க முடியாமை ஆகியவை எலும்பு நோயின் அறிகுறிகள். சன்னலோரம் தொட்டியை வைத்தால் போதும் என்பது பலரின் எண்ணம். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. கண்ணாடித் தொட்டியோடு பால்கனி வெயிலில் வைத்தாலோ, சில நிமிடங்களில் குட்டி வெந்துவிடும். இதற்கென விற்கும் குழல் விளக்கே வழி. அது எரிந்துகொண்டிருந்தாலும் கதிரின் வலிமை நாளடைவில் குறையும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பொதுவாக 6 முதல் 12 மாதங்களுக்குள், மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது ஈரப்பதம். வறண்ட காற்றுக்குப் பழகிய உயிருக்கு நம் ஊரின் ஈரக்காற்று சுமை. காற்றோட்டம் இல்லாத ஈரத் தொட்டியில் சளித் தொற்றும் தோல் தொற்றும் வரலாம். ஆகவே, தொட்டிக்குள் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

வேறு ஓணான் இருந்தால் நோயுற்ற குட்டியை உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். மணலை அகற்றி, சமையலறைக் காகிதத்தை விரியுங்கள். மலத்தின் நிறமும் தன்மையும் அதில் தெளிவாகத் தெரியும். தினமும் மாற்றுவதும் எளிது.

தோள் மூழ்காத அளவு வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் உட்கார வைக்கலாம். அருகிலேயே இருக்க வேண்டும். தலையைத் தூக்க முடியாத குட்டிக்கு இது கூடாது. பிறகு ஈரத்தைத் துடைத்து விளக்கின் கீழ் விடுங்கள். மூக்கு நுனியில் ஒரு சொட்டு நீர் வைத்தால் நக்கிக் குடிக்கும்.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். வளரும் குட்டியின் எடை ஏற வேண்டும். இறங்கினால் அதுவே எச்சரிக்கை.

உணவு கொடுக்கும்போது, அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். கால்சியம் தூளைத் தூவிக் கொடுங்கள். பசலைக்கீரை கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், கடுகுக்கீரையும் மருந்து தெளிக்காத செம்பருத்திப் பூவும் மேல். வெண்ணெய்ப்பழம் கூடாது. மின்மினிப் பூச்சி ஒன்றே குட்டியைக் கொன்றுவிடும்.

செய்யக் கூடாதவை

குளிர்ந்து, நீர்ச்சத்து வற்றிய குட்டியின் வாயைத் திறந்து உணவைத் திணிக்காதீர்கள். செரிக்காத உணவு வயிற்றிலேயே அழுகும். மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மனிதருக்கான மாத்திரையையோ கடையில் யாரோ சொன்ன புழு மருந்தையோ கொடுக்காதீர்கள். “குளிர்கால உறக்கம், விட்டுவிடுங்கள்” என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அது வளர்ந்த ஓணானுக்கு உரியது. ஒரு வயது நிரம்பாத குட்டி தூங்கிக்கொண்டே இருந்தால் அது நோயின் அறிகுறி.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

சூட்டைச் சரிசெய்த பிறகும் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் காத்திருக்க வேண்டாம். உடல் துடிப்பு, மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், விளக்கை விட்டு விலகியும் வாயைத் திறந்தே மூச்சு விடுதல், நாள் முழுக்கக் கறுத்த தாடி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கிளம்புங்கள்.

நாற்றமுள்ள வயிற்றுப்போக்குக்குக் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம். மலப் பரிசோதனையில்தான் அது தெரியும். புதிய மலத்தைச் சுத்தமான சிறு டப்பாவில் மூடி எடுத்துச் செல்லுங்கள். சாதாரணக் குளோரின் கரைசலுக்கு அந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் அடங்குவதில்லை. ஆகவே, மலத்தை அன்றன்றே அகற்றி, தொட்டிப் பொருள்களைக் கொதிநீரில் கழுவ வேண்டும்.

எல்லாக் கால்நடை மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை. தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையை அணுகலாம். காரில் செல்லும்போது குளிர்சாதனத்தை அணைத்து, துணி விரித்த பெட்டியில் கொண்டு செல்லுங்கள்.

பிள்ளைகளின் கவனத்துக்கு

ஆரோக்கியமான ஓணானின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

புதிதாக வாங்க நினைப்பவர்கள், உரிமம் பற்றி முதலில் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பிறகு விளக்குகளையும் வெப்பமானியையும் வாங்கி, தொட்டியின் சூடு இரண்டு நாள் சீராக இருப்பதைப் பார்த்த பின் குட்டியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பெரும்பாலும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.