ரிசல்ட் லேட்டா? மும்பை பல்கலைக்கழக மாணவர் யாரிடம், எப்படிக் கேட்பது?

கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்துவிட்டது, ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. ஆனால் சேரும் நாளில் கம்பெனி கேட்கிற கடைசி செமஸ்டர் மார்க் ஷீட் மட்டும் இன்னும் வரவில்லை. கல்யாண், டோம்பிவிலி பக்கம் உங்கள் தம்பியோ தங்கையோ படிக்கிறார்கள் என்றால், அல்லது வேலை பார்த்துக்கொண்டே நீங்களே எம்.காம். எழுதுகிறீர்கள் என்றால், இது உங்கள் வீட்டுப் பிரச்னையாகவும் ஆகலாம்.

மாணவர் அனுபவத்தை மேம்படுத்துவது என்றாலே புதுக் கட்டடம், வைஃபை, விழா என்றுதான் பேச்சு போகும். கல்யாணிலிருந்து லோக்கல் பிடித்துப் போகிறவருக்குக் கணக்கு வேற. பரீட்சை சொன்ன தேதியில் நடந்ததா, ரிசல்ட் வந்ததா, தப்பாக வந்தால் கேட்க ஆள் இருக்கா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் வைஃபை கொஞ்சம் ஸ்லோவாக இருந்தாலும் சமாளித்துக்கொள்வார்.

2017-ல் என்ன நடந்தது?

1857-ல் தொடங்கிய மும்பை பல்கலைக்கழகத்தில் 2017 கோடைத் தேர்வுகளின்போது ஒரு பெரிய மாற்றம் வந்தது. விடைத்தாள்களை ஸ்கேன் செய்து, ஆசிரியர்கள் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தே மதிப்பெண் போடும் முறை அது. யோசனை மோசமில்லை. கூட்டல் தப்பு குறையும், பேப்பர் கட்டுகளை ஊர் ஊராக அனுப்ப வேண்டாம். ஆனால் ஒன்றிரண்டு பாடங்களில் முயன்று பார்க்காமல், எல்லாத் துறைக்கும் ஒரே மூச்சில் கொண்டுவந்தார்கள். மொத்தம் 477 தேர்வுகள், சுமார் 17 லட்சம் விடைத்தாள்கள்.

ஸ்கேனிங் தாமதமானது. ஆசிரியர்களுக்கு லாகின் பிரச்னை. சில விடைத்தாள்கள் மாறிப்போயின, சில கிடைக்கவே இல்லை. வேந்தரான ஆளுநர் ஜூலை 31-க்குள் முடிக்கச் சொல்லிக் கெடு வைத்தார். அதுவும் தாண்டி செப்டம்பர் வரை இழுத்தது. மேற்படிப்பு அட்மிஷன் கைநழுவுகிறது என்று மாணவர்கள் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அக்டோபர் 24 அன்று துணைவேந்தர் சஞ்சய் தேஷ்முக் பதவி நீக்கம் செய்யப்பட்டார்.

துணைவேந்தர் போனார், சரி. அந்த வருஷம் சீட் போன பையனுக்கு அதனால் என்ன கிடைத்தது?

ரிசல்ட்டுக்குக் கெடு உண்டா?

உண்டு. மகாராஷ்டிரா அரசுப் பல்கலைக்கழகங்கள் சட்டம், 2016-ன்படி, ஒரு படிப்பின் கடைசித் தேர்வு முடிந்த 30 நாளில் ரிசல்ட்டை வெளியிடப் பல்கலைக்கழகம் முயல வேண்டும். எப்படிப் போனாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காரணங்களை விளக்கி வேந்தருக்கு அறிக்கை தர வேண்டும். ஆகவே "எப்போ வரும்?" என்று கெஞ்ச வேண்டியதில்லை. "45 நாள் ஆயிடுச்சு, காரணம் என்ன?" என்று எழுத்தில் கேட்கலாம்.

கேட்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: பரீட்சை நடத்தியது யார்? கல்யாணின் பிர்லா கல்லூரி மாதிரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வும் ரிசல்ட்டும் கல்லூரியின் வேலை, பட்டம் மட்டும்தான் பல்கலைக்கழகம் தருவது. சாதாரண இணைப்புக் கல்லூரி என்றால், பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது கலீனா வளாகத்தில் இருக்கும் தேர்வுப் பிரிவு. இது தெரியாமல் குர்லாவில் இறங்கி, பஸ் பிடித்து, கவுன்டரில் நின்று, "காலேஜ்ல கேளுங்க" என்ற பதிலோடு திரும்புவது வீண் அலைச்சல். 75 சதவீத வருகைப்பதிவு வேண்டிய மாணவருக்கு ஒரு நாள் போவது சின்ன விஷயம் இல்லை. கல்யாணிலேயே பல்கலைக்கழகத்துக்கு ஓர் உப வளாகம் இருக்கிறது. இந்த மாதிரி வேலைகளை அங்கேயே முடித்துத் தந்தால் எவ்வளவோ நல்லது.

புகார் செய்தால் நடக்குமா?

யுஜிசி 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஆன்லைன் போர்ட்டல் வைத்திருக்க வேண்டும். ரிசல்ட் தாமதம், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைப்பது, கட்டணத்தைத் திருப்பித் தராதது எல்லாமே இதன்படி "குறை"தான். புகார் முதலில் ஒரு குழுவுக்குப் போகும். அதில் ஒரு பெண்ணாவது, எஸ்சி, எஸ்டி அல்லது ஓபிசி பிரிவினர் ஒருவராவது இருக்க வேண்டும். 15 வேலை நாட்களில் குழு அறிக்கை தர வேண்டும். நீங்கள் நேரில் போகலாம், உங்கள் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம்.

முடிவு திருப்தி இல்லையா? 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்பர்சனிடம், மேல்முறையீடு செய்யுங்கள். அவருக்கும் ஒரு கால அவகாசம் உண்டு. ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "மார்க் குறைவா போட்டுட்டாங்க, மறுபடி திருத்துங்க" என்று மட்டும் எழுதினால் அவர் அதை எடுத்துக்கொள்ள மாட்டார். ரிசல்ட்டையே பாதித்த குறிப்பிட்ட முறைகேடு அல்லது பாகுபாடு என்ன என்று காட்ட வேண்டும். வெறும் மறுமதிப்பீட்டுக்கு வழி தனி, அதன் கடைசித் தேதியும் தனி. புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள்.

இங்கிலாந்து, வேல்ஸில் 2004 முதல் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே ஒரு தனி அமைப்பு மாணவர் புகார்களை இலவசமாக விசாரிக்கிறது. நம் ஊரில் குறைதீர்ப்பாளரை நியமிப்பதே பல்கலைக்கழகம்தான். இது ஒரு பலவீனம் என்றே தோன்றுகிறது.

விடைத்தாளைப் பார்க்க முடியுமா?

முடியும். திருத்திய விடைத்தாள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தீர்ப்பளித்தது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். மராத்தியில்தான் எழுத வேண்டும் என்றில்லை, ஆங்கிலமோ இந்தியோ போதும். மகாராஷ்டிரா விதிப்படி ஒரு விண்ணப்பத்தில் ஒரே விஷயம், அதுவும் 150 வார்த்தைக்குள். அதனால் நடந்த கதையெல்லாம் வேண்டாம். சீட் நம்பர், பாடம், தேர்வு மாதம், "விடைத்தாள் நகல் வேண்டும்" என்று எழுதினால் போதும். நேரில் கொடுத்தால் உங்கள் காப்பியில் இன்வர்ட் நம்பரும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஆரம்பிக்கும்.