மேஸ்திரி ஏன் கடைசி வாரம் போனை எடுக்கிறதில்லை?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

பாத்ரூம் டைல்ஸ் மாத்துறது, கிச்சனை இடிச்சுக் கட்டுறது, மொட்டை மாடி ஒழுகலை நிறுத்துறது. இன்னைக்கு இதைப் பத்தித்தான் பேசப் போறோம். "கான்ட்ராக்டரை நம்பி வேலையைக் கொடுத்தீங்களே, என்ன ஆச்சு?"ன்னு போன எபிசோட்ல உங்ககிட்ட கேட்டிருந்தேன். வந்த வாய்ஸ் நோட்டெல்லாம் கேட்டு முடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. ஊர் வேற, வீடு வேற, ஆனா கதை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

முதல் ரெண்டு வாரம் காலையில 9 மணிக்கே ஆள் வந்துடும். டமால் டுமீல்னு இடிப்பாங்க. நமக்கும் சந்தோஷமா இருக்கும். மூணாவது வாரம் ஒரு கொத்தனார், ஒரு சித்தாள் மட்டும். அஞ்சாவது வாரம் "ஊர்ல ஒரு சாவு சார்". ஏழாவது வாரம் போன் ரிங் போகும், யாரும் எடுக்க மாட்டாங்க. அப்போ பார்த்தா, கமோட் வெச்சிருக்கும், ஆனா ஃப்ளஷ் கனெக்‌ஷன் இருக்காது. கதவு மாட்டியிருக்கும், தாழ்ப்பாள் இருக்காது.

"ஃப்ராடுங்க அவன்"னு எல்லாரும் சொல்றாங்க. சில பேர் நிஜமாவே ஃப்ராடுதான், அதை மறுக்கலை. ஆனா இத்தனை பேருக்கு, இத்தனை ஊர்ல, அதே இடத்துல வேலை நிக்குதுன்னா, அதுக்கு ஒரு கணக்கு இருக்கணும் இல்லையா? இருக்கு. எங்க சித்தி வீட்டுக் கணக்கையே எடுத்துக்கலாம்.

சித்திக்கு 63 வயசு. குரோம்பேட்டையில 1998ல வாங்கின ஃப்ளாட்ல தனியா இருக்காங்க. ரெண்டு பாத்ரூம், ஒரு கிச்சன், மொத்தமா 6 லட்சத்துக்குப் பேசினாங்க. பாதி அட்வான்ஸ், அதாவது 3 லட்சம். அதுக்கப்புறம் வாராவாரம் "அம்மா, ஒரு முப்பதாயிரம் போட்டு விடுங்க, ஆளுங்களுக்குச் சம்பளம் தரணும்". இப்படியே போய் 5,10,000 ரூபாய் கொடுத்து முடிச்சப்போதான் வேலை நின்னுச்சு. நானும் என் கசினும் போய் உட்கார்ந்து, முடிஞ்ச வேலைக்கெல்லாம் ஒவ்வொண்ணா விலை போட்டுப் பார்த்தோம். தாராளமா போட்டாலும் 3,60,000 ரூபாய்க்கு மேல வரலை.

இப்போ அந்த கான்ட்ராக்டர் இடத்துல நின்னு யோசிங்க. மீதி இருக்கிற வேலையோட மதிப்பு 2,40,000. சித்திகிட்ட இருந்து அவருக்கு இனிமே வரப்போற பணம் 90,000. அந்த 90,000ஐ வாங்குறதுக்கு அவர் 2,40,000 ரூபாய் வேலையைச் செஞ்சாகணும். அதே நேரத்துல வேற ஒருத்தர் புது வேலைக்கு அட்வான்ஸோட காத்திருக்கார். அவர் எங்க போவார்? சித்தி வீட்டுக்கு வரலைன்னு கோபப்படலாம். ஆனா அதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை.

இதுல பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. ரெண்டு பாத்ரூமையும் ஒரே நேரத்துல இடிச்சுட்டாங்க. 41 நாள் சித்தி எதிர் ஃப்ளாட்டுக்குப் போய்க் குளிச்சாங்க. முட்டி வலி உள்ளவங்க, ராத்திரி 2 மணிக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்குமேன்னு சாயங்காலம் 6 மணிக்கு மேல தண்ணியே குடிக்காம இருந்திருக்காங்க. அதை அவங்க எங்ககிட்ட சொன்னதே ரொம்ப நாள் கழிச்சுத்தான். (வீட்டுல வயசானவங்க இருந்தா, ஒரு பாத்ரூம் முழுசா முடிஞ்சு தண்ணி வந்த பிறகுதான் அடுத்ததைத் தொடணும்னு எழுதியே வாங்கிடுங்க. ஆள் கூலி கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆகட்டும்.)

சரி, எதிர்த் தரப்பு. தாம்பரம் பக்கம் 22 வருஷமா இந்த வேலை செய்யற ஒரு மேஸ்திரிகிட்ட உட்கார்ந்து பேசினேன். எடுத்தவுடனே அவர் சனிக்கிழமையைப் பத்தித்தான் சொன்னார். கொத்தனார், சித்தாள், பிளம்பர், டைல்ஸ் ஒட்டுறவர் எல்லாருக்கும் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கையில காசு கொடுக்கலைன்னா திங்கட்கிழமை அவங்க வேற சைட்டுக்குப் போயிடுவாங்க. பேங்க்ல லோன் வாங்கித் தொழில் பண்ற அளவுக்குப் பெரும்பாலான மேஸ்திரிகளுக்கு வசதி இல்லை. அதனால உங்க அட்வான்ஸ்ல போன வீட்டு வேலையை முடிக்கிறாங்க, அடுத்த வீட்டு அட்வான்ஸ்ல உங்க வேலையை முடிக்கிறாங்க. ஒரு வீட்டுல பணம் மாட்டிக்கிச்சுன்னா வரிசையா எல்லா வீட்டுலயும் வேலை நிக்கும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை நாமதான் காது கொடுத்துக் கேட்கணும். வீட்டுக்காரங்களும் ஏமாத்துறாங்க. வேலை முழுசா முடிஞ்ச பிறகு, "அந்த டைல்ஸ் கலர் லேசா வித்தியாசம், இந்த க்ரவுட் சரியில்லை"ன்னு சொல்லிக் கடைசி 40,000ஐக் கொடுக்காமலே விட்டவங்க நிறைய பேராம். அதனால அவரும் முன்கூட்டியே முடிஞ்ச வரைக்கும் வாங்கிடப் பார்க்கிறார். அவருக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லை, நமக்கு அவர் மேல இல்லை. ரெண்டுக்கும் நடுவுல அந்த அட்வான்ஸ்.

அப்போ என்ன செய்யலாம்? பணமும் வேலையும் பக்கத்துல பக்கத்துலயே நடக்கணும். எந்தச் சனிக்கிழமை வேலை நின்னாலும், நீங்க கொடுத்த பணமும் முடிஞ்ச வேலையும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும். பாத்ரூம் வேலைன்னா, ஆரம்பிக்க 10 சதவீதம். பழைய டைல்ஸைக் கொத்தி எடுத்து, குப்பையைக் கீழே இறக்கி, புது பைப் லைன் போட்டதும் ஒரு பங்கு. வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்சு தண்ணி கட்டிப் பார்த்ததும் ஒரு பங்கு. சுவர், தரை டைல்ஸ் முடிஞ்சதும் ஒண்ணு. ஃபிட்டிங்ஸ் மாட்டினதும் ஒண்ணு. கடைசி 10 சதவீதம், அந்தத் தாழ்ப்பாள், சிலிக்கான், கீறல், பெயின்ட் டச்-அப் எல்லாம் முடிஞ்ச பிறகு.

இந்தக் கடைசி 10 சதவீதம்தான் உயிர்நாடி. ஏன்னா கடைசியில வர்ற வேலையெல்லாம் சில்லறை வேலை. ஒரு தாழ்ப்பாளுக்காக ஆசாரி ஒரு நாள் வரணும், ஒரு கீறலுக்காக பெயின்டர் ஒரு நாள் வரணும். அதுல லாபமே கிடையாது. அதைச் செய்ய வைக்கிறது அங்க காத்திருக்கிற பணம் மட்டும்தான். ஆனா மேஸ்திரிக்கும் அதுல ஒரு உறுதி வேணும். என்னென்ன குறைன்னு ஒரே தடவை லிஸ்ட் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அந்த லிஸ்ட் முடிஞ்ச அன்னைக்கே பணத்தை அனுப்பிடுங்க. லிஸ்ட்ல தினம் ஒண்ணு சேர்த்துக்கிட்டே போனா, அடுத்த வீட்டுக்காரர் பாவம், அவர்கிட்ட 60 சதவீதம் அட்வான்ஸ் கேட்பாங்க.

மெட்டீரியலுக்குப் பெரிய தொகை வேணும்னு கேட்டா? நியாயமான கேள்வி. டைல்ஸ், கமோட், குழாய் எல்லாத்தையும் நீங்களே கடைக்கு நேரா பணம் கட்டி, பில்லை உங்க பேர்ல வாங்கிடுங்க. மணல், சிமென்ட், ஒட்டுற பசை மாதிரி பொருளை மட்டும் அவர்கிட்ட விடுங்க. அட்வான்ஸ் தானா குறையும்.

ஆனா இது நடக்கணும்னா ஒரு நிபந்தனை உண்டு. பாதி வேலை முடிஞ்சிருக்கா, முக்கால் வேலை முடிஞ்சிருக்கான்னு உங்களுக்குத் தெரியணும். கொட்டேஷன்ல "ரெண்டு பாத்ரூம், கிச்சன், மொத்தம் 6 லட்சம்"னு ஒரே வரி இருந்தா யாராலயும் சொல்ல முடியாது. சித்தி வீட்டுல எங்களுக்கு அந்தக் கணக்கைப் போடவே மூணு நாள் ஆச்சு.

கொட்டேஷனைப் பிரிச்சு வாங்கினா இன்னொரு லாபமும் இருக்கு. வேளச்சேரியில என் ஃப்ரெண்டுக்கு ரெண்டு கொட்டேஷன் வந்தது. ஒண்ணு 3,20,000, இன்னொண்ணு 4,60,000. யாரா இருந்தாலும் முதல்லதுக்குத்தான் கை போகும். அவள் உட்கார்ந்து, அதுல எதெல்லாம் இல்லைன்னு கேட்டாள். பழைய டைல்ஸ் கொத்தி, குப்பை அள்ளிட்டுப் போறது தனி, 28,000. வாட்டர்ப்ரூஃபிங் தனி, 36,000. சுவருக்குள்ள போற பைப் மாத்துறது தனி, 52,000. டைல்ஸ் ஒட்டுற பசையும் க்ரவுட்டும் தனி, 30,000. கூட்டினா 4,66,000. 4,60,000 சொன்னவர் இது எல்லாத்தையும் சேர்த்தே சொல்லியிருந்தார்.

"வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட்"ங்கிற வார்த்தையும் இப்படித்தான். கடையில கமர்ஷியல்னு சொல்ற எம்ஆர் கிரேடு ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். சிங்க்குக்குக் கீழே அதைப் போட்டா உப்பிடும். அந்த இடத்துக்கு ஐஎஸ் 710 மரைன் கிரேடுன்னு நம்பரோட எழுதி வாங்குங்க. பலகை வந்து இறங்கும்போது அதுல ஐஎஸ்ஐ முத்திரையும் அந்த நம்பரும் இருக்கான்னு, லேமினேட் ஒட்டுறதுக்கு முன்னாடி பாருங்க. ஒட்டின பிறகு எல்லாப் பலகையும் ஒண்ணுதான்! அதே மாதிரி ரிஜிஸ்டர் பண்ணின கான்ட்ராக்டர்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் உள்ளே இருக்கா வெளியே இருக்கான்னு கேட்டுடுங்க. 6 லட்சத்துக்கு 1,08,000 ரூபாய் வித்தியாசம்.

தண்ணி கட்டிப் பார்க்கிறதுன்னு சொன்னேன் இல்லையா, அதை விளக்கிடறேன். நம்ம ஃப்ளாட் பாத்ரூம்ல பெரும்பாலும் தரைக்கு அடியில ஸ்லாபை ஒரு அடி போலத் தாழ்த்தி, அந்தப் பள்ளத்துலதான் பைப்பெல்லாம் ஓடும். அந்தப் பள்ளத்துல பூசுற பூச்சு சரியா இல்லைன்னா தண்ணி கீழ்வீட்டு சீலிங்ல ஓதமா இறங்கும். அதனால வாட்டர்ப்ரூஃபிங் காய்ஞ்சதும், டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி, வெளியேறுற வழியை அடைச்சு, தண்ணியை நிரப்பி, லெவலை சுவர்ல பென்சில்ல கோடு போட்டு, 48 மணி நேரம் விடணும். கீழ்வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி, சீலிங்கைப் போய்ப் பாருங்க. "ரெண்டு நாள் சும்மா போகுதே சார்"னு மேஸ்திரி முனகுவார். முனகட்டும். டைல்ஸுக்கு அடியில இருக்கிற வேலையைத் திரும்பப் பார்க்கணும்னா திரும்ப உடைக்கிறதைத் தவிர வேற வழி இல்லை. பைப் லைன் மூடுறதுக்கு முன்னாடி டேப்பை வெச்சு போட்டோ எடுத்துக்கோங்க. பின்னாடி எந்த சுவர்ல எங்க ஆணி அடிக்கக்கூடாதுன்னு அதுதான் சொல்லும்.

சரி, ஏற்கனவே ஆள் காணாமப் போயாச்சுன்னா? முதல்ல, இருக்கிற நிலையை ரூம் ரூமா வீடியோ எடுத்துடுங்க. புது ஆளை விடுறதுக்கு முன்னாடி ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, முடிஞ்ச வேலை எவ்வளவு, மீதி எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. புது மேஸ்திரி கையை வெச்சுட்டா பழையவர் எதைச் செஞ்சார்னு நிரூபிக்கிறது கஷ்டம். அப்புறம் 15 நாள் டைம் கொடுத்து ஸ்பீட் போஸ்ட்ல ஒரு லெட்டர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் புகாரைப் பதிவு பண்ணலாம்.

அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தர்றதும் ஒரு சேவைதான்னு உச்ச நீதிமன்றம் 1993லயே தீர்ப்பு சொல்லியிருக்கு. 2019ஆம் வருஷச் சட்டப்படி, நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், கான்ட்ராக்டர் ஊருக்கு அலைய வேண்டாம். பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்க கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே கிடையாது. சித்தி கொடுத்தது 5,10,000 இல்லையா, அதனால 200 ரூபாய் கட்டினோம். செங்கல்பட்டுல வழக்கு இன்னும் நடக்குது. சீக்கிரம் முடியும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நடுவுல வேற ஒரு மேஸ்திரி 2,55,000க்கு மீதியை முடிச்சுக் கொடுத்தார். ஆக 6 லட்ச ரூபாய் வேலைக்கு இதுவரைக்கும் 7,65,000.

வழக்குல எங்களுக்குக் கை கொடுத்தது ரெண்டே விஷயம். சித்தி எல்லாப் பணத்தையும் யுபிஐலயும் பேங்க் மூலமாவும்தான் அனுப்பியிருந்தாங்க, கையில ஒரு ரூபாய்கூடக் கொடுக்கலை. அப்புறம் அந்த வாட்ஸ்அப் சாட். "அம்மா, ரெண்டு பாத்ரூமும் 20 நாள்ல முடிச்சுடறேன்"னு அவர் அனுப்பின வாய்ஸ் நோட் உட்பட எல்லாம் அப்படியே இருக்கு. வேலை நடக்கும்போது கோபத்துல பிளாக் பண்ணி, சாட்டை டெலிட் பண்ணிடாதீங்க. எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல போட்டு வெச்சுக்கோங்க.

அடுத்த வாரம் வாடகை வீட்டு அட்வான்ஸ். வீட்டைக் காலி பண்ணும்போது பெயின்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிக்கிறாங்களே, அது எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். உங்க அக்ரிமென்ட்ல அந்த வரி இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, பேரையும் அட்ரஸையும் மறைச்சுட்டு.