கைக்கடிகாரம் போடும் கணக்கு சரியா?



அப்பா, சித்தப்பா, அத்தை என்று வீட்டில் யாராவது ஒருவர் கையில் இப்போது ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. மணி மட்டுமா காட்டுகிறது அது? 'இன்று நீங்கள் 6,482 காலடி நடந்தீர்கள்; 270 கலோரி செலவழித்தீர்கள்' என்று கணக்கும் ஒப்பிக்கிறது. எண் என்று வந்துவிட்டால் நாம் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம். அதிலும் 6,500 என்று சொல்லாமல் 6,482 என்று சொன்னால் கேட்கவே வேண்டாம்!

அந்த எண் உண்மைதானா? யார் எண்ணினார்கள்? எப்படி எண்ணினார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

கடிகாரத்துக்குள் என்ன இருக்கிறது?

கடிகாரத்துக்குக் கண் கிடையாது. உங்கள் கால்களை அது பார்ப்பதே இல்லை. அதன் உள்ளே மிளகை விடச் சிறிய ஒரு சில்லு இருக்கிறது. அதன் பெயர் ஆக்சிலரோமீட்டர். தமிழில் முடுக்கமானி.

பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்பக்கம் சாய்கிறோம் அல்லவா? அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. சில்லுக்குள் சீப்பின் பற்களைப் போன்ற மெல்லிய சிலிக்கான் பற்கள் உள்ளன. கை அசையும்போது அந்தப் பற்களும் இம்மியளவு அசைகின்றன. பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி மாறுகிறது. அதனால் மின் அளவும் மாறுகிறது. மேல் - கீழ், முன் - பின், இடம் - வலம் என்று மூன்று திசைகளிலும் இந்த மாற்றத்தை ஒவ்வொரு நொடியும் பல தடவை சில்லு அளக்கிறது.

நாம் நடக்கும்போது இந்த அளவுகள் அலை போல ஏறி இறங்கும். அந்த அலையின் உச்சிகளைக் கடிகாரத்தில் உள்ள மென்பொருள் எண்ணுகிறது. அதைத்தான் 'காலடி' என்று நமக்குக் காட்டுகிறது. அதாவது, அது எண்ணுவது காலை அல்ல, கையின் அசைவை!

ஏமாறும் இடங்கள்

கையை வீசி, ஒரே வேகத்தில் நடந்தால் இன்றைய கருவிகள் ஓரளவு நன்றாகவே எண்ணுகின்றன. ஆனால் கீழே உள்ள நேரங்களில் தடுமாறுகின்றன.

* பாட்டியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். கால் நடக்கிறது, கை அசையவில்லை. கடிகாரம் பல காலடிகளை விட்டுவிடும்.
* இரண்டு கையாலும் தண்ணீர்க் குடத்தை அணைத்துக்கொண்டு நடந்தாலும் அப்படித்தான்.
* தாத்தாவோடு மெதுவாக நடக்கிறீர்கள். அலையின் உச்சி தாழ்ந்து போவதால் எண்ணிக்கை குறையும்.
* உட்கார்ந்த இடத்திலேயே கை தட்டுகிறீர்கள். நடக்காத காலடிகள் கணக்கில் ஏறலாம்.
* சைக்கிள் மிதிக்கிறீர்கள். கால் கடுமையாக உழைக்கிறது. ஆனால் கை ஹேண்டில் பாரில் இருப்பதால் காலடிக் கணக்கில் அது சரியாக வராது.

2015ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 பேரை ட்ரெட்மில்லில் நடக்கவைத்து, காலடிகளைக் கண்ணால் பார்த்து எண்ணினார்கள். பிறகு கருவிகள் காட்டியதோடு ஒப்பிட்டார்கள். கையில் அணியும் அன்றைய கருவிகளில் ஒன்று 100க்கு ஏறக்குறைய 2 காலடிதான் குறைத்துக் காட்டியது. இன்னொன்றோ 100க்கு 23 காலடி வரை விழுங்கிவிட்டது!

கலோரிக் கணக்கு இன்னும் சிக்கல்

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு கிலோ கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது நாம் இதையே 'கலோரி' என்று சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு நடுத்தர வாழைப்பழம் சுமார் 100 கலோரி தரும்.

நம் உடல் எவ்வளவு கலோரி செலவழிக்கிறது என்று அறிய, விஞ்ஞானிகள் மூச்சை அளக்கிறார்கள். முகமூடி போன்ற ஒன்றை மாட்டி, எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்று கணக்கிடுகிறார்கள். கைக்கடிகாரத்தால் இதைச் செய்ய முடியுமா? முடியாது. அது உங்கள் வயது, எடை, உயரம், கை அசைவு, நாடித்துடிப்பு இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு உத்தேசமாக ஒரு விடையைச் சொல்கிறது.

கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை வைத்து நாடியை எண்ணுகிறது. ஆனால் பரீட்சை பயத்திலும் நாடி எகிறும். வெயிலில் நின்றாலும் எகிறும். அதற்காக நாம் ஓடினோம் என்று ஆகிவிடுமா?

2017ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரிடம் 7 கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பை 6 கருவிகள் 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு காட்டின. பாராட்டலாம்! ஆனால் கலோரியை எதுவும் சரியாகக் காட்டவில்லை. இருப்பதிலேயே நல்ல கருவியின் பிழை சராசரியாக 27 சதவீதம். மிக மோசமான கருவியின் பிழை 93 சதவீதம்!

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

'தினமும் 10,000 காலடி நடக்க வேண்டும்' என்று பலரும் சொல்வார்கள். இதன் தொடக்கம் ஒரு விற்பனைப் பெயர்! 1964ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜப்பானியரிடம் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியது. 1965ல் அங்கே ஒரு நிறுவனம், இடுப்பில் மாட்டும் காலடி மானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'மன்போ-கெய்'. 'பத்தாயிரம் காலடி மானி' என்று பொருள்.

உங்கள் வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் காலடிக் கணக்கே சொல்லவில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாடினால் போதும் என்கிறது. அதற்குக் கடிகாரம் வேண்டாம், மைதானம் போதும்.

ஜெபமாலையில் எண்ணியவர்

ஸ்மார்ட் வாட்ச் இல்லாத காலத்தில் காலடியை எண்ணித் தூரத்தை அளந்த ஒருவர் இருந்தார். அவர் நைன் சிங் ராவத். இமயமலையில் உள்ள மிலம் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். அந்தக் காலத்தில் ஆங்கிலேயர்கள் திபெத்துக்குள் நுழைய முடியாது. அதனால் இந்திய நில அளவைத் துறை அவருக்கு டேராடூனில் பயிற்சி கொடுத்து அனுப்பியது.

மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே நீளத்தில் காலடி வைக்க அவர் பழகினார். ஜெபமாலையில் வழக்கமாக 108 மணிகள் இருக்கும். அவர் மாலையில் 100 மணிகள்தான்! 100 காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி. 1865ல் புறப்பட்டு, 1866 ஜனவரியில் லாசா நகரை அடைந்தார். குறிப்புகளைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்து எடுத்துவந்தார். 1877ல் லண்டனின் ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

நீங்களும் சோதியுங்கள்!

ஸ்மார்ட் வாட்ச் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். காலடி எண்ணும் செயலி உள்ள செல்போன் போதும். பெரியவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

1. சட்டைப்பையில் 5 புளியங்கொட்டை போடுங்கள்.
2. கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. நடங்கள். 100 காலடிக்கு ஒரு கொட்டையை அடுத்த பைக்கு மாற்றுங்கள். ஐந்தும் மாறினால் 500 காலடி.
4. ஓரிரு நிமிடம் கழித்துக் கருவியைப் பாருங்கள். 475 கூடியிருந்தால் 25 குறைவு. 25ஐ 5ஆல் வகுத்தால் 5. பிழை 5 சதவீதம்.
5. கையை வீசி ஒரு முறை, புத்தகப் பையை அணைத்துக்கொண்டு ஒரு முறை, மெதுவாக ஒரு முறை என்று நடந்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்து அட்டவணை போடுங்கள்.

எப்போதும் 5 சதவீதம் குறைத்தே காட்டுகிறதா? அப்படியென்றால் அது உபயோகமான கருவிதான். நேற்றை விட இன்று அதிகம் நடந்தோமா என்று பார்க்க உதவும். ஒரு தடவை கூட்டியும் ஒரு தடவை குறைத்தும் காட்டினால்தான் நம்ப முடியாது.

இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

சில இடங்களில் காலடிப் போட்டி வைத்துப் பரிசு தருகிறார்கள். கையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் ஜெயிப்பான். வீட்டுக்குத் தண்ணீர் சுமந்த பெண் தோற்பாள். எண்ணை மட்டும் பார்த்து ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 'இன்று கலோரி குறைவாகத்தான் செலவாகியிருக்கிறது' என்று கடிகாரம் சொன்னதற்காக இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். வளரும் உடம்புக்குச் சோறு வேண்டும். 'நிறையச் செலவாகிவிட்டது' என்று இரண்டு பாக்கெட் சிப்ஸும் வாங்காதீர்கள். 27 முதல் 93 சதவீதம் வரை பிழை செய்த கணக்கை நம்பியா உங்கள் தட்டில் விழும் உணவைத் தீர்மானிப்பது? பசித்தால் சாப்பிடுங்கள். உடம்பைப் பற்றிச் சந்தேகம் வந்தால் பெற்றோரிடமும் டாக்டரிடமும் கேளுங்கள்.

சரி, புளியங்கொட்டை எடுத்தாகிவிட்டதா? நடையைக் கட்டுங்கள்!