வாலிபரின் கண்ணிலும் புரை விழும்

கண்புரை என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருகிறவர் யார்? ஊரில் திண்ணையில் அமர்ந்து, வருகிறவரைக் குரலைக் கொண்டே அடையாளம் காணும் பாட்டியோ தாத்தாவோதான். ஆகையால் இருபத்தைந்து வயது வாலிபனிடம் வைத்தியர் கண்புரை என்று கூறும்போது அவன் நம்புவதில்லை. ஊரிலிருக்கும் பெற்றோரும் நம்புவதில்லை. கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று கடை கடையாய் ஏறி இறங்குகிறார்கள். அப்படி வீணாகும் மாதங்களைக் குறித்தே இம்மாதம் எழுதுகிறேன்.

கண்ணின் கருமணிக்குப் பின்னால் பளிங்கு போன்ற வில்லை ஒன்று இருக்கிறது. அதில் இரத்தக் குழாய் கிடையாது. நீரும் புரதமுமே உண்டு. அந்தப் புரதங்கள் ஒழுங்காய் அடுக்கப்பட்டிருக்கும் வரை ஒளி தடையின்றிச் செல்லும். அவை குலைந்து திரளும்போது, முட்டையின் வெள்ளைக்கரு வேகையில் வெளுப்பது போல, வில்லை மங்கிவிடுகிறது. அதற்கு முதுமை ஒரு காரணமேயன்றி ஒரே காரணமன்று. சர்க்கரை நோய், கண்ணின் உட்புற அழற்சி, நாட்பட்ட தோல் ஒவ்வாமை, குடும்ப வழி, மின்சாரத் தாக்குதல், கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவையும் இளவயதில் புரையை வருவிக்கும். எனினும் பிழைப்புக்காக நகரங்களுக்கு வந்திருக்கிற நம் ஜனங்கள் முக்கியமாய் அறிய வேண்டியவை இரண்டு.

முதலாவது காயம். தாராவியின் பட்டறைகளிலும், பெங்களூரின் கட்டடப் பணிகளிலும், சூரத்தின் இயந்திரக் கூடங்களிலும் நம் வாலிபர் சுத்தியலும் கிரைண்டரும் பிடிக்கிறார்கள். இரும்பின் மேல் இரும்பை அடிக்கையில் தெறிக்கும் சிறு துகள் கண்ணைத் துளைத்து உள்ளே சென்றுவிடக்கூடும். பல வேளைகளில் வலி அதிகமிராது. தூசி விழுந்தது என்று எண்ணித் தண்ணீரால் கழுவிவிட்டு வேலையைத் தொடருவார்கள். உள்ளே தங்கிய இரும்போ துருப்பிடித்து, வில்லையை மங்கச் செய்வதோடு விழித்திரையையும் கெடுக்கும். ஆகவே அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். துணி முனையால் எடுத்துவிடுகிறேன் என்று உடன் வேலை செய்கிறவர் கை வைக்க இடங்கொடாதிருங்கள். சம்மட்டி அடிக்கையில் பட்டது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் உள்ளிருக்கும் இரும்பை அசைத்துவிடும் என்பதால் அவ்விவரம் மருத்துவருக்கு மிகவும் தேவை. பாதுகாப்புக் கண்ணாடியின் விலை ஒரு நாள் கூலியைத் தாண்டாது. மேஸ்திரி கொடாவிட்டால் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இதைவிட அமைதியாய் வருவது: ஸ்டீராய்டு சொட்டு மருந்து. புழுதியால் கண் அரிக்கிறது, சிவக்கிறது. தெருமுனை மருந்துக் கடையில் கேட்டால் ஒரு சிறு குப்பியைத் தருகிறார்கள். இரண்டே நாளில் சிவப்பு மாறிவிடுகிறது. என்ன நல்ல மருந்து! மறுபடியும் அரித்தால் மறுபடியும் அதே குப்பி. மாதங்களும் வருடங்களும் கடக்கையில் வில்லையின் பின்புறத்தில் புரை படர்கிறது. அதோடு நிற்பதில்லை, கண்ணின் உள் அழுத்தமும் சத்தமின்றி உயர்ந்து பார்வை நரம்பை அரித்துவிடக்கூடும். புரையை அகற்றினால் பார்வை திரும்பும். நரம்பு அழிந்து போன பார்வையோ திரும்பாது. உங்கள் வீட்டிலிருக்கும் குப்பியை எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று அச்சிட்டிருந்தால் அது இவ்வகையே. முகம் வெளுக்கப் பூசும் சில களிம்புகளிலும் இம்மருந்து உண்டு. கண்ணிமையில் தொடர்ந்து தடவினால் அதே கேடு. ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு மாத்திரையை இதை வாசித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடாதிருங்கள். அது வேறு ஆபத்து. அவரிடம் கேட்டுக் கண்ணைப் பரிசோதித்துக்கொள்வதே முறை.

இவ்விதப் புரையின் அடையாளம் விநோதமானது. நல்ல வெயிலில் பார்வை குறையும். மங்கிய வெளிச்சத்தில் சற்றுத் தெளியும். வெயிலில் கண்மணி சுருங்கி, புரை படிந்த நடுப்பகுதி வழியாகவே ஒளி செல்ல வேண்டியிருப்பதே காரணம். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு சிதறிப் பரவும். எழுத்து வாசிப்பது கடினமாகும். சாயங்காலத்தில் நன்றாய்ப் பார்க்கிற பையன் பகலில் தடுமாறினால் வீட்டார் அவன் நடிக்கிறான் என்கிறார்கள்! ஒரு கண்ணில் மாத்திரம் வந்தால் மற்றக் கண் ஈடுசெய்வதால் தெரியாமலே போகும். ஒவ்வொரு கண்ணாய் மூடிச் சுவரிலிருக்கும் நாட்காட்டியை வாசித்துப் பாருங்கள்.

ஜெபித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நாட்களைத் தள்ளுகிறவர்கள் நம் சபைகளில் உண்டு. ஜெபியுங்கள், மருத்துவமனைக்கும் செல்லுங்கள். சுவிசேஷம் எழுதிய லூக்கா வைத்தியர் என்பதை நான் உங்களுக்கு நினைப்பூட்ட வேண்டுவதில்லை.

இதைவிட எனக்கு அதிக வேதனை தருவது மறைத்தல். ஆயத்த ஆடை நிறுவனத்தில் ஊசி கோக்கத் தடுமாறிய ஒரு சகோதரி, வரன் பார்க்கும் காலம் என்று ஒருவருக்கும் சொல்லாமலிருந்ததை அறிவேன். தையல் கோணுகிறது என்று வேலை போன பின்பே வீட்டில் பேச்சு எழுந்தது. அவளுடைய தாயார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, ஆபரேஷன் என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள்?" என்பதே. மகளின் கண்ணைக் குறித்தல்ல! சிகிச்சை பெற்ற கண்ணில் மறைக்க என்ன இருக்கிறது? வரன் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்காகவே விலகிப் போகிறவர்கள் போகட்டும்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. அறுவைச் சிகிச்சையே வழி. 1949 ஆம் ஆண்டு லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாய்ச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். போர் விமானிகளின் கண்களில் தெறித்திருந்த விமானக் கூண்டின் அக்ரிலிக் துண்டுகளைக் கண் வெறுத்துத் தள்ளவில்லை என்று கவனித்ததே அவருக்கு வழி திறந்தது. 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போனவை. அந்த விரல்களாலேயே எண்ணற்ற கண்களுக்கு அறுவை செய்தார். 1992 முதல் அவர்களது ஆரோலேப் வில்லைகளை இங்கேயே செய்ததால் விலை வெகுவாய்க் குறைந்தது. டெல்லி எய்ம்ஸ் வளாகத்திலுள்ள ராஜேந்திர பிரசாத் மையம், பெங்களூர் மின்டோ மருத்துவமனை போன்ற அரசு இடங்கள் உங்கள் அருகிலும் உண்டு. ஆயுஷ்மான் பாரத் அட்டைக்குத் தகுதியுள்ளவர்கள், ஊர் அட்டை வெளிமாநிலத்தில் செல்லாது என்று எண்ண வேண்டாம்; அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் நாடெங்கும் செல்லும்.

புரை பழுக்கட்டும் என்று காத்திருப்பது பழைய காலத்துப் பேச்சு. உங்கள் வேலைக்கும் நடமாட்டத்துக்கும் அது தடையா என்பதே இன்றைய அளவுகோல்.

வாலிபர் முன்கூட்டியே கேட்டறிய வேண்டியவை சில உண்டு. இயற்கை வில்லை அருகுக்கும் தூரத்துக்கும் தானே மாறும். பொருத்தும் சாதாரண வில்லை மாறாது. எனவே தூரத்துக்குப் பொருத்தினால் வாசிக்கக் கண்ணாடி வேண்டும். உங்கள் தொழில் தையலா, வண்டியோட்டலா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இளவயதில் வில்லையின் பின்னுள்ள உறை மீண்டும் மங்குவது சற்று அதிகம். அதை லேசர் கதிரால் விரைவில் சரிசெய்கிறார்கள். கிட்டப்பார்வையுள்ள வாலிபருக்கு விழித்திரை விலகும் அபாயமும் உண்டு. அறுவை முடிந்து மாதங்களோ வருடங்களோ சென்றாலும், மின்னல் போன்ற ஒளியோ, திடீரென மிதக்கும் கரும்புள்ளிகளோ, திரை இறங்குவது போன்ற நிழலோ தோன்றினால் ஞாயிறு ஆராதனை முடியட்டும் என்றுகூடக் காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.