கண்ணாடியில் பசையா? பிளேடைக் கீழே வையுங்கள்!

மூக்குக்கண்ணாடியின் கை உடைந்துவிட்டது. கடைக்குப் போக நேரமில்லை. பெட்டிக்கடையில் சில ரூபாய்க்கு ஒரு குட்டி ட்யூப் வாங்கி, ஒரு சொட்டு வைத்து ஒட்டிவிடுகிறோம். கை ஒட்டிக்கொள்கிறது. கூடவே லென்ஸிலும் ஒரு சொட்டு விழுந்து காய்ந்துபோகிறது. "போச்சுடா!" என்று பிளேடைத் தேடுகிறோம்.

சித்த நூல்கள் கண் நோய்களை 96 என்று வகுத்திருக்கின்றன. அந்த 96-ல் 'பசை ஒட்டிய கண்ணாடி' கிடையாது! ஆனாலும் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. கறை படிந்த லென்ஸ் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தால் கண் கூசும், சோர்ந்துபோகும், தலை வலிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லவும் சொல்லாது. கரும்பலகை தெரியாமலே உட்கார்ந்திருக்கும்.

எந்தப் பசை?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் கைவேலைக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினாலே இளகிவிடும். புதுக் கண்ணாடியின் ஸ்டிக்கர் விட்டுப்போகும் பிசுக்குக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். தடவி, சில நிமிடம் விட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிவிடலாம்.

நொடியில் ஒட்டும் பசைதான் வம்புக்காரன். அதன் பெயர் சயனோஅக்ரிலேட். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே இறுகிவிடும். அதன் ஆவி லென்ஸில் படிந்தால் வெண்மையாக மூட்டம் போடும். 'ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லையே, லென்ஸ் ஏன் மங்கிவிட்டது?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அசிட்டோன் வேண்டாம்!

'நகப்பூச்சு நீக்கும் திரவத்தால் துடைத்தால் போய்விடும்' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அதில் அசிட்டோன் இருந்தால் பசை கரையும் என்பது உண்மைதான். ஆனால் லென்ஸ் என்ன ஆகும்? பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் அசிட்டோன் பட்டால் பால்போல வெளுத்து, நுண்ணிய வெடிப்பு விழும். குழந்தைகளின் கண்ணாடிகளில் இந்த வகை அதிகம். சி.ஆர்.39 என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் அசிட்டோனைத் தாங்கும். ஆனால் அதன்மேல் பூசியிருக்கும் பூச்சு தாங்கும் என்று நம்ப முடியாது. அசிடேட் ஃபிரேமாக இருந்தால் ஃபிரேமே கரையும். உங்கள் லென்ஸ் எந்த வகை என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியுமா? எனவே அந்தப் பாட்டிலைத் தொடாமலிருப்பதே நல்லது.

பிளேடு, பாத்திரம் தேய்க்கும் நார், பற்பசை, விபூதி இவையெல்லாம் கீறல் போடும். பசை ஒரு புள்ளியில் இருந்தது. கீறல் லென்ஸ் முழுவதும் இருக்கும். கொதிக்கும் நீரும் ஆகாது. பூச்சு உரிந்துவிடும்.

என்னதான் செய்வது?

1. வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கண்ணாடியைப் பத்து, பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள்.

2. பசையின் ஓரத்தை விரல் நகத்தால் மெல்ல நெம்பிப் பாருங்கள். வராவிட்டால் மறுபடி ஊறவிடுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று என்ன அவசரம்?

3. நல்ல நீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த லென்ஸைத் தேய்க்காதீர்கள்.

இரண்டு மூன்று முறை செய்தும் பசை அசையவில்லையா? கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோங்கள். லென்ஸின் நடுவில் கறை நின்றுவிட்டால் லென்ஸை மாற்றுவதுதான் சரி. உடைந்த கையையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

கண்ணில் பட்டால்?

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இந்தப் பசை வரும் குட்டிக் குப்பியும் கண் சொட்டு மருந்துக் குப்பியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. மருந்து என்று நினைத்துப் பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டவர்கள் பல நாடுகளிலும் உண்டு.

அப்படி நேர்ந்தால் ஒட்டிய இமையைப் பிடித்து இழுக்காதீர்கள். சுத்தமான நீரால் நன்றாகக் கழுவுங்கள். ஈரத்துணியை இமைமேல் வைத்து, உடனே கண் மருத்துவரிடம் போங்கள். இறுகிய பசை கருவிழியைக் கீறியிருக்கலாம். அதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு எதையும் கண்ணில் ஊற்ற வேண்டாம். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், கேளுங்கள்!

இன்னொன்று. பசை ஈரமாக இருக்கும்போது பஞ்சால் துடைக்காதீர்கள். பஞ்சும் இந்தப் பசையும் சேர்ந்தால் சூடேறி, தோலைச் சுட்டுவிடும்.

இன்றே மருந்து அலமாரியைத் திறந்து பாருங்கள். பசைக் குப்பி அங்கே இருந்தால் எடுத்து, சுத்தியலும் ஆணியும் இருக்கும் பெட்டியில் போடுங்கள். தாத்தா இரவில் விளக்குப் போடாமல் கைநீட்டி எடுக்கும் இடத்தில் கண் மருந்து மட்டுமே இருக்கட்டும்.