பரணில் கிடக்கும் டி.டி.டி.

"பரணில் பழைய டி.டி.டி. தூள் கிடக்குது, கத்தரிக்குத் தூவலாமா சார்?" என்று பாகூர்ப் பக்கம் ஓர் அம்மா கேட்டார். வேண்டவே வேண்டாம்!

மலேரியாக் கொசுவைக் கொன்று எத்தனையோ உயிரைக் காத்த மருந்துதான். 1948-ல் முல்லருக்கு நோபல் பரிசும் வாங்கித் தந்தது. ஆனால், லேசில் மக்காது. மண்ணில் பல வருஷம் கிடக்கும். தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் போய்த் தங்கும். வைக்கோலிலிருந்து மாட்டுக்கு, மாட்டுப்பாலிலிருந்து நமக்கு, தாய்ப்பாலிலிருந்து பிள்ளைக்கு என்று தொடரும். அதனால்தான் 1989-ல் பயிருக்கு அடிக்கத் தடை வந்தது.

நம் புதுச்சேரியிலேயே, 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை, தேங்கிய நீரை அகற்றுவது போன்ற வழிகளால் யானைக்கால் கொசுவைக் குறைத்துக் காட்டியது.

ஆகவே, அந்தத் தூளைக் கிணற்றிலோ குளத்திலோ கொட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, உழவர் உதவியகத்தில் சொல்லுங்கள்.